டெபியனை முதலாளிகள் ஏற்க என்ன வேண்டும்?

கோவையில் சின்ன, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கு சர்வர் போட்டுக் கொடுப்பது என் தொழில். முடிந்த இடத்திலெல்லாம் டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைத்தான் போடுகிறேன். அதன் கெர்னல் எப்படி, பேக்கேஜ்கள் எத்தனை என்று எந்த முதலாளியும் கேட்டதில்லை. "ராத்திரி நின்னு போச்சுன்னா யாரைக் கூப்பிடறது? எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும்? பில்லு யார் பேர்ல வரும்?" இவ்வளவுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதும் இதுதான்.

ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் இருந்த இலவச லினக்ஸான சென்ட்ஓஎஸ் விவகாரத்துக்குப் பிறகு அந்த வருஷக் கேள்வி ரொம்பவே கனமாகிவிட்டது. 2029 வரை ஓடும் என்று நம்பி சென்ட்ஓஎஸ் 8 போட்டிருந்தவர்களுக்கு, 2021 முடிவோடு சரி என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ராக்கி லினக்ஸும் அல்மாலினக்ஸும் அடுத்த ஆண்டே அந்த இடத்துக்கு வந்தன. ஆனாலும் ‘இலவசம்னா நடுவழியில விட்டுடுவாங்க’ என்ற பயம் ஒருமுறை நுழைந்தால் எளிதில் போகாது.

டெபியன் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. இப்படி ஒரு முடிவை எந்த ஒரு நிறுவனமும் தனியாக எடுத்துவிட முடியாது. ஒரு பதிப்புக்கு 3 ஆண்டு வழக்கமான ஆதரவு, அதன்மேல் 2 ஆண்டு எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவு. 2023 ஜூனில் வந்த டெபியன் 12க்கு 2028 ஜூன் வரை கவலையில்லை. அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஃப்ரெக்ஸியன் என்ற பிரெஞ்சு நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு, மொத்தம் 10 ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருகிறது. எல்டிஎஸ் வேலை பார்க்கும் டெவலப்பர்களுக்கு ஊதியம் போவதும் அவர்கள் நிறுவனங்களிடம் திரட்டும் பணத்திலிருந்துதான். காசு கொடுக்கத் தயாராக இருப்பவரிடம் காசு வாங்குவதற்கு ஒரு வழி இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முதலாளிக்கும் அப்போதுதான் நம்பிக்கை வருகிறது.

நெட்வொர்க் கார்டு போன்ற கருவிகள் இயங்கத் தேவையான, கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் மென்பொருளை இன்ஸ்டாலருக்குள்ளேயே சேர்ப்பது என்று 2022இல் டெபியன் டெவலப்பர்கள் வாக்களித்து முடிவெடுத்தார்கள். அதுவரை சில சர்வர்களில் நெட்வொர்க் கார்டே தெரியாது. வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்க, பென் டிரைவில் ஃபைல் தேடிக்கொண்டிருப்போம். கட்டற்ற மென்பொருள் கொள்கைக்காக அதை எதிர்த்தவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் தொழில் இடங்களுக்குள் டெபியன் நுழைய அந்த வாக்கெடுப்பு செய்த உதவியை வேறெந்த விளம்பரமும் செய்திருக்காது.

எஸ்ஏபி நிறுவனத்தின் ஹானா டேட்டாபேஸ் வேண்டும் என்பவரிடம் நான் டெபியனைப் பேசுவதே இல்லை. அதற்குச் சான்றளிக்கப்பட்ட லினக்ஸ் பட்டியலில் ரெட் ஹேட்டும் சூசேவும்தான் இருக்கின்றன. ஃபைல் சர்வர், பேக்கப், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் தயங்காமல் பேசுவேன். கொட்டேஷனோடு தமிழில் ஒரு தாள் வைப்பது என் வழக்கம்: ஆதரவு முடியும் தேதி, அடுத்த பதிப்புக்கு மாற்றும் மாதம், ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) தொகை, என் எண், நான் ஊரில் இல்லாவிட்டால் கூப்பிட வேண்டிய நண்பரின் எண். அந்தத் தாளைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

டெபியன் தளத்தில் நாடுவாரியாக ஆலோசகர் பட்டியல் ஒன்று இருக்கிறது. டவுன்லோட் பட்டனுக்குப் பக்கத்திலேயே அதைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் டெபியனுக்கு ஏஎம்சி பார்க்கும் நண்பர்கள் அந்தப் பட்டியலில் பெயரைச் சேருங்கள். விசாரிக்கிற முதலாளிக்குக் கூப்பிடுகிற தூரத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.