பொருளாளர் பதவியின் சுகங்கள்

மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் சேலம் மாவட்டக் கிளையில் என்னைப் பொருளாளர் ஆக்கியிருக்கிறார்கள். வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாழ்த்தியவர்களில் பாதிப் பேர் இன்னும் சந்தா கட்டவில்லை என்பதையும் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன்.

செயற்குழு என்றால் மாலையும் மேடையும் என்று என் அத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அது ரசீதுப் புத்தகம், தணிக்கையாளர், 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாளருக்கு ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் கணக்கு. கருத்தரங்கு வைக்காமலும் முடியாது. மருத்துவர்களுக்கு ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும். வைத்தால் யார் செலவில்? ஏற்காட்டில் விடுதி எடுக்கலாம், ஒரு மருந்து நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்றார் ஒரு மூத்தவர். பரிசு, பயணச் செலவு, விருந்தோம்பல் எதையும் அவர்களிடம் மருத்துவர்கள் பெறக் கூடாது என்று 2009லேயே விதி வந்துவிட்டது, ஐயா. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அவரவர் பெட்ரோலில் ஏறுவோம் என்றேன். அதன் பிறகு ஏற்காடு பேச்சே எழவில்லை!

நான் ஒத்துக்கொண்டது வேறொன்றுக்காக. இதயம் நின்று விழுந்தவரின் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்த யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். சேர்வராயன் மலைக் கிராமத்துக்கு 108 ஏறி வரும்வரை பக்கத்தில் இருப்பவரின் கைகள்தான் மருத்துவம். அக்டோபர் 16 உலக மயக்கவியல் நாள். இந்த முறை கேக் வேண்டாம், புதிய பேருந்து நிலையத்தில் ஓட்டுநர், நடத்துநர்களுக்குப் பயிற்சி கொடுப்போம் என்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். பயிற்சிப் பொம்மைகள் இரவல் வேண்டும்; வைத்திருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.