எதிலிருந்து அளந்த உயரம்? போத்னியா கரைக் குறிப்புகள்

ஜூன் 3, வாசா, பின்லாந்து

பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள போத்னியா வளைகுடாவின் கரை, பனியுகப் பனியின் பாரம் நீங்கியதால் இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. இங்கே நிலம் ஆண்டுக்கு எத்தனை மி.மீ. ஏறுகிறது என்று கேட்டால் மூன்று பதில் கிடைக்கும், மூன்றும் சரி. பூமியின் மையத்தை ஆதாரமாக வைத்து ஜிபிஎஸ் சொல்வது 9 மி.மீ. அளவில். நிலத்துக்கு அடியில் மேன்டில், அதாவது திடமாக இருந்தும் மெல்ல நகரும் ஆழ்பாறை, திரும்பி வந்து சேர்வதால் ஈர்ப்புச் சமதளமும் (அசைவற்ற கடல் நிற்கும் மட்டம்) அரை மி.மீ. போல ஏறுகிறது, லெவல் கருவியால் இடத்துக்கு இடம் உயர வித்தியாசம் எடுப்பவருக்கு அதைக் கழித்த எண்தான் வரும். கரையில் நிற்பவருக்கு இன்னும் குறைவு, கடலும் ஏறுகிறதே. கடந்த நூற்றாண்டின் சராசரி 7–8 மி.மீ. உலகக் கடல்மட்டம் இப்போது ஆண்டுக்கு 3 மி.மீ.க்கு மேல் ஏறுவதால் அந்த மிச்சமும் சுருங்கி வருகிறது.

ஜூன் 5

ஜிபிஎஸ் ஆன்டெனாவைத் தாங்கும் தூணைப் பாறையில்தான் ஊன்ற வேண்டும். மண்ணில் நட்டால் குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பும். தூண் ஏறிவிட்டதாகக் கணக்கு காட்டும்.

பாறையில் நட்டாலும் ஒரு தொல்லை உண்டு: பனி. ஆன்டெனா மூடியின் மேல் ஈரப்பனி படிந்தால் சிக்னல் தாமதப்படும். தூண் அசையாமல் நிற்க, உயரம் மட்டும் சில செ.மீ. பிசகும். ஆண்டுக்கு 9 மி.மீ. தேடுகிறவருக்கு இது பல ஆண்டு எழுச்சிக்குச் சமம். வரைபடத்தில் கண்டுபிடிப்பது சுலபம். குளிர்காலத்தில் கோடு விலகும், பனி சரிந்து விழுந்த அன்று சட்டென்று பழைய இடத்துக்கு வரும். நிலம் அப்படித் துள்ளாது. அந்த நாட்களை வெட்டி எறிவதே முறை; சராசரியில் கரைத்துவிடுவது சோம்பேறித்தனம். ஆன்டெனா மாற்றிய தேதியையும் குறித்து வைக்க வேண்டும், அங்கேயும் ஒரு படி விழும். மூன்று ஆண்டுத் தரவாவது இல்லாமல் வேகம் சொல்லக் கூடாது.

ஜூன் 8

கடல்மட்ட மானி: கரையில் ஒரு கிணறு, அடியில் கடலோடு இணைக்கும் குழாய், உள்ளே மிதவை. குழாயின் குறுகல் அலையை வடிகட்டிவிடும். குழாயில் வண்டல் அடைத்தால் கடல் ஏறி இறங்குவது கிணற்றுக்குள் தாமதமாகவும் மழுங்கியும் வரும். வளைவு வழவழப்பாக, அழகாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உறையாமல் சூடும் கொடுக்க வேண்டும். அருகிலுள்ள பாறை பெஞ்ச்மார்க்குகளோடு (உயரம் அளந்து வைத்த நிலையான குறிகள்) அவ்வப்போது லெவல் எடுத்துப் பார்க்காவிட்டால், ஏறியது கடலா, இறங்கியது கட்டடமா என்று தெரியாது.

போத்னியா வளைகுடா சேர்ந்திருக்கும் பால்டிக் கடலில் ஓதம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் தண்ணீர் சுமார் 1 செ.மீ. ஏறும், தென்மேற்குக் காற்று வாரக்கணக்கில் அடித்தால் டென்மார்க் நீரிணைகள் வழியாக மொத்தக் கடலுமே நிரம்பும். ஓர் ஆண்டின் சராசரி அடுத்த ஆண்டிலிருந்து பல செ.மீ. வேறுபடுவது சாதாரணம். பத்தாண்டுப் பதிவை வைத்து எழுச்சி வேகம் சொன்னால் அது காற்றின் கதைதான்.

ஜூன் 9

ஸ்வீடன் வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1731இல் அந்நாட்டு யெவ்லே ஊர் அருகே லோவ்கிருண்ட் தீவில், நீர்மட்டத்தைக் காட்டும் கோடு ஒன்றைப் பாறையில் வெட்டினார். அவருடைய பழைய சான்று சீல் பாறைகள். சீல்கள் ஏறிப் படுக்கும் தாழ்ந்த பாறைக்கு விலையும் உரிமையும் இருந்ததால் பத்திரத்தில் பதிவானது. பாறை உயர்ந்து சீல் வருவது நின்றதும் தெரியும். நீர் குறைகிறது என்றே அவர் முடிவு கட்டினார். பனியின் பாரம் நிலத்தை அழுத்தியிருந்தது என்ற விளக்கத்தை ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் ஜேமிசன் 1865இல்தான் முன்வைத்தார்.

ஜூன் 12, குவார்கென் தீவுகள்

தட்டையான கரை என்பதால் மி.மீ. இங்கே ஏக்கராகிறது: ஆண்டுக்குச் சுமார் ஒரு சதுர கி.மீ. புது நிலம். விரிகுடாவின் வாய் ஆழம் குறைந்து குறுகினால் அது ஃபிளாடா. வாசல் மேடு நீர்மட்டத்துக்கு வந்து, கடல் உயரும்போது மட்டும் தண்ணீர் நுழைந்தால் குளோ. பிறகு நன்னீர்க் குளம், சேறு, காடு. வாசலில் 40 செ.மீ. ஆழம் மிச்சமிருந்தால் 8 மி.மீ. வீதம் ஐம்பது ஆண்டு. நடுவில் எத்தனை ஆழம் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை, வாசல்தான் எல்லாம்.

ஜூன் 13

படகு வழியைத் தூர்வாரினால் வேறொரு வம்பு. பழைய கடலடிக் களிமண்ணில் சல்பைடு இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் கரியதாக, நடுநிலையாக, சாதுவாகக் கிடக்கும். வெட்டிக் கரையில் கொட்டினாலோ, வயல் வடிகாலால் நிலத்தடி நீர் இறங்கினாலோ காற்றுபட்டுக் கந்தக அமிலமாகும். அமிலம் அலுமினியத்தைக் கரைத்து ஆற்றில் விடும், மீன் செத்து மிதக்கும். எடுத்த உடனே பிஎச் பார்த்துவிட்டு 7 என்று நிம்மதியடைவது வழக்கமான தவறு. மாதிரியைக் காற்றில் ஈரமாகப் பல வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். 4க்குக் கீழே போனால் அதுதான் அந்த மண். வெட்டும் ஆழத்தைக் குறைப்பதே முதல் மருந்து, சுண்ணாம்பு அடுத்தது.

ஜூன் 14

புது நிலம் கரைவீட்டுக்காரருக்குத் தானாகப் போய்விடாது. பின்லாந்தில் அது நீர்ப்பரப்பின் உரிமையாளருடையது, பெரும்பாலும் ஊர்க்காரர்களின் பொதுப்பங்கு. வீட்டுக்கும் கடலுக்கும் இடையே முளைத்த பட்டையைக் கரைக்காரர் விலை கொடுத்துத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 15

இன்று வரைபடங்கள். பின்லாந்தில் என்60 என்பது 1960இன் உயர ஆதாரம், அதாவது உயரங்களை எண்ணத் தொடங்கும் சுழிமட்டம்; என்2000 புதியது. ஒரே பாறைக்கு இரண்டிலும் வேறு எண்: ஹெல்சிங்கியில் வித்தியாசம் சுமார் 30 செ.மீ., போத்னியா கரையில் அதைவிட அதிகம். பழைய படத்திலிருந்து தரைமட்டத்தையும் புதிய அறிக்கையிலிருந்து வெள்ள மட்டத்தையும் எடுத்துக் கழித்தால் வீடு தப்பான உயரத்தில் நிற்கும். ஊர்வாரியாக மாறும் வித்தியாசம் என்பதால் ஒரே திருத்தத்தை நாடு முழுக்கப் போடவும் முடியாது.

ஜூன் 17, ஹோகா குஸ்டென், ஸ்வீடன்

ஸ்கூலெபெர்யெட் குன்று. உச்சியில் காட்டுத் தொப்பி, அதற்குக் கீழே வெறும் பாறை. தொப்பியின் விளிம்புதான் பழைய கரை: அதற்கு மேலிருந்த பனிப்படிவ மண்ணை அலை தொடவில்லை, கீழே இருந்ததைக் கழுவிவிட்டது. உயரம் சுமார் 286 மீ.; பனி உருகியபின் எழுந்த கரைகளில் உலகிலேயே இதுதான் உயர்ந்தது.

மொத்த எழுச்சி 286 என்று எழுதுவது தவறு. மூன்று கி.மீ. பனி, பனியின் அடர்த்தி 0.92, மேன்டிலின் அடர்த்தி 3.3, நிலம் 800 மீ. போல அமிழ்ந்திருக்கும். பனி மெலியத் தொடங்கியதுமே எழுச்சியும் தொடங்கிவிட்டது, ஆனால் அப்போது இங்கே கடல் இல்லை, பனிதான் இருந்தது. கோடு போட அலை இல்லை.

ஜூன் 20

எழுச்சிக்கு விலையும் உண்டு. பனியின் பாரத்தால் ஓரத்துக்கு ஒதுங்கிய மேன்டில் அங்கே நிலத்தை உப்ப வைத்திருந்தது. இப்போது அது திரும்புவதால் அமெரிக்காவின் செசபீக் விரிகுடா போன்ற இடங்கள் அமிழ்கின்றன. அமிழும் கடலடிக்குத் தண்ணீர் இழுபடுவதால் நிலநடுக்கோட்டுப் பக்கம் கடல்மட்டம் சில ஆயிரம் ஆண்டுகளாகச் சற்றே இறங்கியது. தென்னிலங்கைக் கரையிலும் ராமேஸ்வரத்திலும் அலைக்கு மேலே நிற்கும் இறந்த பவளப் படுகைகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். தட்டையான தலையுள்ள பவளக் கட்டி வற்றுக்கடலின் நீர்மட்டம் வரைதான் வளரும்; ஆகவே அதன் உயரத்தைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அல்ல, அதே கரையில் இன்று உயிரோடு வளரும் கட்டியின் தலையிலிருந்து அளக்க வேண்டும்.