ஒற்றுச் சேரும் பன்னிரண்டு பாஸ்போட்டும்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நம் செயலாளர் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கன்ரீன் றோல், மாமரத்து மணி, வெள்ளிக்கிழமைத் தேவாரத்தில் மயங்கி விழுகிறவர்கள் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கென்று மிஞ்சியிருந்தது பின்லாந்துப் பயணம் ஒன்றுதான். அதை எழுத எனக்கு விருப்பம் இருக்கவில்லை. போன மாசியில் ஒற்றுச் சேர் காலமானார். இனி எழுதாமல் விட்டால் அதுவும் பிழை.

அந்தப் பட்டம் அவருக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் கட்டுரைக் கொப்பியிலும் ஒற்று விட்ட இடமெல்லாம் அந்தச் சிவப்பு மை இருந்திருக்கும்.

2004 வைகாசி. சமாதான காலம். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்து இரண்டு வருடம். அதற்கு முந்திய வருடம், போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் வேலை செய்த பின்லாந்துக்காரர் ஒருவர் நம் மண்டபத்தில் கூத்துப் பார்த்துவிட்டு, இதைத் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். நாங்கள் சிரித்தோம். பத்து மாதம் கழித்து விசா வந்தது. பன்னிரண்டு பெடியள், மூன்று கிழமை, ஆளுக்கொரு பனையோலைப் பை, மொத்தம் எட்டுக் கிலோ பருத்தித்துறை வடை. பொறுப்பாசிரியர் ஒற்றுச் சேர்.

நாங்கள் தங்கியது யுவஸ்கிலா என்ற ஏரிக்கரை நகரத்தில். ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே தெருவால் ஏறக்குறைய 270 கிலோமீற்றர். வீட்டுக்கு இரண்டு பேராகப் பிரித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா, அப்பா, எங்கள் வயதில் ஒரு மகன், ஓர் ஆச்சி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். பயத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. அடுத்த நாள் காலை மேசையில் ஒரு கிண்ணம் மோர் இருந்தது. பீமா என்றார்கள். உப்புப் போட்டுக் குடித்தேன். மோரேதான். ஒரு பச்சை மிளகாய்தான் குறை.

ஆச்சியைப் பற்றி ஒரு வேடிக்கை. யார் என்ன சொன்னாலும் அவ “யோ” என்பா. அதை மூச்சை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு சொல்லுவா. ஆச்சிக்கு இழுப்பு வந்துவிட்டதென்று முதல் நாள் இரவு நாங்கள் இரண்டு பேரும் பயந்து, அந்த வீட்டு அம்மாவை எழுப்பிவிட்டோம். அவவும் விசயத்தைக் கேட்டு மூச்சை உள்ளிழுத்து “யோ, யோ” என்றா. அது அவர்களுடைய “ஓம்”.

எழுப்பிய நேரம் இரவு பதினொன்றரை. வெளியில் எங்கள் ஊரில் மழை வரப்போகும் பின்னேரம் மாதிரி ஒரு வெளிச்சம். அந்த மூன்று கிழமையும் சரியான இருட்டை நாங்கள் காணவில்லை. கரண்ட் இல்லாமல் குப்பி விளக்கில் படித்த பெடியளுக்கு வெளிச்சம் கூடிப்போய் நித்திரை வரவில்லை.

சேர் அந்த ஊரில் சின்னப்பிள்ளை ஆகிவிட்டார். 1863 இல் பின்லாந்து மொழியில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க முதன்முதல் தொடங்கிய கலாசாலை அந்த நகரத்தில்தான் என்று யாரோ சொல்ல, அந்தக் கட்டடங்களைத் தேடிப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். அவர் படித்த பலாலி ஆசிரிய கலாசாலை அப்போது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. இன்னொரு நாள் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றோம். எல்லாப் பிள்ளைக்கும் இலவசம். எப்போதிருந்து என்று கேட்டார். 1948 என்றார்கள். சேர் தட்டோடு திரும்பி எங்களைப் பார்த்தார். “எங்களுக்குச் சுதந்திரம் கிடைச்ச வருசமடா. இவங்கள் சாப்பாடு போடத் தொடங்கியிருக்கிறாங்கள். நாங்கள் என்ன தொடங்கினனாங்கள்?” பிறகு பேசாமல் உருளைக்கிழங்கைச் சாப்பிட்டார்.

ஆனால் அவரைக் கிறங்க வைத்தது மொழிதான். துலி என்றால் நெருப்பு. தூலி என்றால் காற்று. துல்லி என்றால் சுங்கம். குறிலும் நெடிலும் ஒற்றும் மாறினால் பொருள் மாறுகிறது. சேருக்கு வேறென்ன வேண்டும்? “பாத்தியளோ, ஒரு ல் கூடினால் நெருப்பு சுங்கமாப் போச்சு!” என்று பஸ்ஸில் எழுந்து நின்று கத்தினார். ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் மூட்டை அவிழ்த்துக் காட்டி வந்த எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று பின் சீற்றிலிருந்து ஒருத்தன் சொன்னான். அவனுக்கும் சிவப்பு மை கிடைத்திருக்கும், கையில் பேனை இருக்கவில்லை.

இப்போது பாஸ்போட் கதை. பன்னிரண்டையும் சேர் ஒரு நீலத் துணிப்பையில் கட்டிப் பெனியனுக்குள் போட்டிருந்தார். சவுனா என்ற வெந்நீராவிக் குளியலுக்குக் கூட்டிப்போனபோதும் கழற்றமாட்டேன் என்றார். எண்பது பாகைச் சூட்டில் ஒட்டுப்பசை இளகிவிடும் என்று சொன்ன பிறகே, வெளியில் ஒரு பெடியனைக் காவலுக்கு வைத்துவிட்டுச் சாரத்தோடு உள்ளே வந்தார். பின்லாந்துக்காரர் ஒரு துணியும் இல்லாமல் அமைதியாக இருக்க, நாங்கள் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இருந்ததை நினைத்தால் இப்போதும் வேர்க்கிறது.

அவருடைய பயம் ஏனென்று எல்லாருக்கும் தெரியும். வெளிநாடு போன குழுக்களில் ஒன்றிரண்டு பேர் ஊர் திரும்பாமல் மாறிவிடுவது அந்தக் காலத்தில் புதினம் இல்லை. என் மாமா பாரிசில். அம்மாவிடம் நம்பர் வாங்கி, இரண்டாம் கிழமை ஒரு பின்னேரம் அந்த வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தார். “துர்க்குவுக்கு ரயில் எடு. அங்கையிருந்து இரவுக் கப்பல். விடிய ஸ்ரொக்ஹோம். ஒருத்தனும் பாஸ்போட் பாக்கமாட்டான். மிச்சத்தை நான் பாக்கிறன்.” நான் “ஓம் மாமா” என்றேன். மாமா சொல்லும் எல்லாவற்றுக்கும் நான் ஓம் என்றுதான் சொல்வேன். போக நினைத்தேனா? இருபது வருடமாக என்னையே கேட்கிறேன். கப்பல் நேரத்தை ஒரு துண்டில் எழுதி வைத்தது என் கைதான்.

தமிழ் தெரியாத அந்த வீட்டு அம்மாவுக்கு இரண்டு சொல் மட்டும் விளங்கியிருக்கிறது: துர்க்கு, ஸ்ரொக்ஹோம். நல்ல மனசு. அடுத்த நாள் எங்களை ஏற்ற வந்தபோது, உடற்பயிற்சி மண்டபத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பெடியன் ஸ்ரொக்ஹோம் பார்க்க ஆசைப்படுகிறான் போல, வார இறுதியில் நாங்களே கூட்டிப்போகலாமா என்று சேரிடம் கேட்டா. சேர் சிரித்து நன்றி சொல்லிக் காருக்கு அனுப்பினார்.

“கட்டியகாரன், இஞ்ச வாரும்.”

அதுதான் என் வேடம். ராசா வருகிறார் என்று முன்னுக்கு வந்து கூவுகிறவன். பையைக் கொட்டச் சொன்னார். பதினொரு பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, சாரம், துவாய், அரைப் பைக்கற் வடை, கடைசியில் அந்தத் துண்டு. மண்டபத்தின் மறுபக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பின்லாந்துப் பிள்ளைகள் பந்தை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. மரியாதையாக மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“நீர் ஒருத்தர் மாறினால், உமக்குப் பின்னால வாற ஒரு பெடியனுக்கும் இந்தக் கதவு திறவாது. விளங்குதோ?”

அன்றிரவே என்னைத் தான் தங்கிய வீட்டுக்கு மாற்றினார். மீதி நாட்கள் அவருடைய கட்டிலடியில் மெத்தை போட்டுப் படுத்தேன். வேடமும் போனது. கடைசி நிகழ்ச்சியில் கட்டியகாரனாகச் சேரே ஆடினார். அறுபதை நெருங்கிய வயதில், மூச்சு வாங்க வாங்க. நான் பின்னால் இருந்து சல்லரி தட்டினேன்.

சாமான் எடுக்கப் போனபோது ஆச்சி குசினியில் இருந்தா. அதற்கு முன்பொரு நாள், அரிசிக்கஞ்சியை றை என்ற தானிய மாவுக்குள் வைத்துச் சுடும் அந்தக் கரேலியப் பணியாரத்தை எனக்குச் செய்யக் காட்டிக்கொண்டு, பேரன் மொழிபெயர்க்கத் தன் கதையைச் சொல்லியிருந்தா. ஊர் கரேலியா. 1940 போரோடு அந்த நிலம் சோவியத்துக்குப் போக, நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் கிளம்பியதாம். ஆச்சிக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடத்தில் திரும்பிப் போனார்கள். 1944 இல் மறுபடி கிளம்பினார்கள். நீ எத்தனை தரம் என்று விரலால் கேட்டா. நான் இரண்டு விரல் காட்டினேன். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து, 1995 இல் நாவற்குழிப் பாலத்தால். திரும்பிப் போனாயா? முதல்தரம் இல்லை, இரண்டாந்தரம் ஓம். ஆச்சிக்கு அதே கணக்கு, வரிசைதான் மாறி. மூச்சை உள்ளே இழுத்து “யோ” என்றா. நான் ஏன் வீடு மாறுகிறேன் என்று அவவுக்கு என்ன சொன்னார்களோ தெரியாது. ஒரு பை நிறையப் பணியாரம் தந்தா. அவவுடைய முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பும் நாள் ஹெல்சிங்கி ரயில் நிலைய வாசலில், விளக்குருண்டை ஏந்திய பெரிய கல் மனிதர்களுக்குக் கீழே எங்களை இருத்தினார் சேர். பெனியனுக்குள் கைவிட்டு நீலப் பையை எடுத்தார். பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவருடைய கையிலும் பாஸ்போட்டைத் தந்தார். “முத்திரை வாங்கவேணும். முக்கால் மணித்தியாலம் செல்லும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். முத்திரை அவரிடம் இருந்தது. முதல் நாள் இரவு அவர் தபாலட்டையில் ஒட்டியதைக் கட்டிலடியிலிருந்து நான் பார்த்தேன்.

ஒருத்தரும் எழும்பவில்லை. பணியாரத்தைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

2006 ஆவணியில் ஏ9 மூடியது. மிச்சத்தை நீங்கள் அறிவீர்கள். நானும் கடைசியில் கப்பலில்தான் ஏறினேன், காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்கு. பிறகு மாணவர் விசாவில் லண்டன். அந்தப் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் இன்று வெளிநாட்டில். இரண்டு பேர் 2009 ஐத் தாண்டவில்லை.

விசாவுக்கு நற்சான்றுக் கடிதம் கேட்டுச் சேரின் வீட்டுக்குப் போனபோது, பின்லாந்தைப் பற்றி அவர் ஒரு சொல் எடுக்கவில்லை. பழைய தட்டச்சில் தானே அடித்தார். பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. 2004 இல் இவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றேன், குறித்த திகதியில் திரும்பி வந்தார், படிப்பு முடிந்ததும் திரும்பி வருவார், அதற்கு நான் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் நாலு வரி.

வருடப்பிறப்புக்கு வருடப்பிறப்பு நான் ரெலிபோன் எடுப்பேன். “எப்ப வாறீர்?” என்பார். அடுத்த ஆடிக்கு சேர் என்பேன். கடைசி நாலைந்து வருடமாக அதைக் கேட்பதை விட்டுவிட்டார். அங்க குளிரோ என்று மட்டும் கேட்பார்.