மேசையில் நூறு டாலர்

மார்ச் 2, 2010, செவ்வாய்

ஃப்ளோரிடாவின் தலைநகர் டல்லஹாசியில் இன்று மாநிலச் சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 30 வரைக்கும்தான். அதற்குள் நடந்தால் உண்டு.

போன வருடமே போக்கர் சீட்டாட்டத்தின் பந்தய வரம்பை நீக்கிச் சட்டம் போட்டார்கள். கூடவே, இங்கே காசினோக்கள் நடத்தும் செமினோல் பழங்குடியினரோடு சூதாட்ட ஒப்பந்தம் உறுதியானால்தான் அது செல்லும் என்று ஒரு நிபந்தனை. ஆகஸ்டில் கவர்னர் கிறிஸ்ட் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைச் சட்டமன்றம் ஏற்கவில்லை. ஆக, சட்டம் இருக்கிறது, அமலில் இல்லை. நாய்ப்பந்தய மைதானத்துச் சீட்டு அறையில் நான் கார்டு போடும் மேசையில் இன்னும் அதே நூறு டாலர் வரம்பு.

மார்ச் 5, வெள்ளி

வெள்ளிக்கிழமை ராத்திரி, நான்கு மேசைகூட நிறையவில்லை. பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 9, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. படுத்தபடி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எழுதி வைத்தாலாவது அடங்குமா பார்க்கலாம்.

ஒரு மேசையில் பத்துப் பேர். ஒருவர் நூறு டாலருக்கு மேல் சிப்ஸ் வாங்கி உட்காரக் கூடாது என்பது 2007ல் வந்த விதி. அப்படியென்றால் மொத்த மேசையிலும் ஆயிரம் டாலர். நான் மணிக்கு முப்பது ஆட்டம் போடுவேன். ஒவ்வொரு பாட்டிலும், அதாவது ஒரு ஆட்டத்தில் நடுவில் சேரும் பந்தயப் பணத்தில், பத்து சதவீதம், அதிகபட்சம் ஐந்து டாலர், என் வலது கைப்பக்கத்துத் துவாரத்துக்குள் போகும். அதுதான் ரேக், சீட்டு அறையின் பங்கு. சின்ன பாட், பெரிய பாட் எல்லாம் சேர்த்துச் சராசரி மூன்று டாலர் என்று குறைத்து வைத்தாலும் மணிக்குத் தொண்ணூறு. பதினோரு மணிநேரம் ஓடினால் ஆரம்பத்தில் வைத்த ஆயிரமும் பெட்டிக்குள். யார் நன்றாக ஆடினார், யார் மோசமாக ஆடினார் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அதனால்தான் எல்லோரும் மறுபடி மறுபடி நூறு எடுக்கிறார்கள். அதை யாரும் தடுக்கவில்லை. ஒரு தடவைக்கு நூறு என்றுதான் சட்டம் சொல்கிறது. ஒருவர் ஒரே ராத்திரியில் எத்தனை நூறு எடுக்கலாம் என்று கேட்பாரில்லை.

2-5 மேசை, அதாவது கார்டு போடும் முன்னாலேயே ஒருவர் இரண்டு டாலரும் அடுத்தவர் ஐந்து டாலரும் கட்டாயமாக வைக்கிற மேசை, இன்னும் மோசம். அந்தக் கட்டாயப் பணம்தான் பிளைண்ட். நூறு டாலர் என்பது அங்கே இருபது பெரிய பிளைண்ட்தான். ஒருவர் இருபது டாலருக்கு ஏற்றினார், இரண்டு பேர் கூட வந்தார்கள் என்றால், அடுத்த மூன்று கார்டு திறந்ததும் மிச்சத்தை மொத்தமாக உள்ளே தள்ளுவதைத் தவிர வழியில்லை. எதிராளியைப் படிப்பது, நல்ல கார்டை வைத்துக்கொண்டும் விலகுவது, காத்திருப்பது என்று இந்த ஆட்டத்தில் அறிவுக்கு இருக்கிற வேலையெல்லாம் கையில் பணம் மிச்சமிருந்தால்தான். பாதுகாப்புக்கு என்று போட்ட வரம்பு போக்கரைக் குலுக்கல் சீட்டாக மாற்றிவிட்டது. இதை நான் தினமும் என் கையால் செய்து பார்க்கிறேன். கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு ராத்திரி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தால் போதும்.

மணி மூன்று ஆகப் போகிறது.

மார்ச் 13, சனி

அம்மா போன் செய்தாள். "தருமரே நாட்டைத் தோத்தாரு. நீ என்னடான்னா அந்தக் காயை உருட்டிக் குடுக்குற வேலை பாக்குற."

"நான் ஆடலம்மா. கார்டுதான் போடுறேன்."

"போடுற கைக்குப் பாவம் இல்லையா?"

பதில் சொல்லாமல் மதுரையில் வெயில் எப்படி என்று கேட்டேன்.

மார்ச் 16

இவருக்கு இந்த வாரமும் வேலை இல்லை. வீடு கட்டுகிறவர்களே ஊரில் இல்லை. எனக்கு மணிக்கு 4 டாலர் 23 சென்ட், மீதி டிப்ஸ். நாற்பது டாலர் பாட் ஜெயித்தவர் ஒரு டாலர் வைப்பார். அவர் மேல் குறையில்லை, அந்தப் பாட்டில் அவ்வளவுதான் இருக்கிறது.

மார்ச் 18, வியாழன்

எங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கும் செனட்டருக்கும் மறுபடி கடிதம். இந்தத் தடவை வரலாறும் சேர்த்தேன். 1997ல் நாய்ப்பந்தய மைதானங்களில் சீட்டு அறை திறந்தபோது ஒரு பாட்டில் பத்து டாலருக்கு மேல் சேரக் கூடாது. 2003ல் ஒரு தடவை வைக்கும் பந்தயத்துக்கு உச்சம் இரண்டு டாலர். 2007ல் ஐந்து டாலர், கூடவே நூறு டாலருக்குள் சிப்ஸ் வாங்கி, பந்தயத்துக்கு வரம்பில்லாமல் ஆடும் நோ-லிமிட். ஒவ்வொரு முறை தளர்த்தியபோதும் மாநிலம் குட்டிச்சுவராகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. சீட்டு அறை வருமானத்தில் பத்து சதவீதம் மாநிலத்துக்கு வரியாகப் போகிறது என்பதையும் எழுதினேன்.

என் மேசையில் மூன்றாம் இருக்கையில் உட்காரும் பெரியவரைப் பற்றி எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். எழுதவில்லை.

மார்ச் 20, சனி

மூன்றாம் இருக்கைப் பெரியவர் இன்று நான்கு தடவை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் ஐந்து இருபது டாலர் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக, முகம் மேலே தெரிகிற மாதிரி அடுக்கி என் பக்கம் தள்ளுவார். நான் கேமராவுக்காக விரித்துப் பரப்பும்போது மடிப்பை நீவிவிடுவார். மனைவி இறந்தபின் வர ஆரம்பித்தவர் என்று வெயிட்ரஸ் சொன்னாள். யாரையும் திட்டமாட்டார். தோற்றால் "நல்ல ஆட்டம்" என்பார்.

மார்ச் 24, புதன்

டல்லஹாசி போய் வந்தோம். கூட வேலை செய்யும் இரண்டு பேர், நான். விடிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்கு முன்னால் சட்டமன்றக் கட்டடமான கேப்பிட்டல் வாசலில். இருபத்திரண்டு மாடிக் கோபுரம். பழைய கட்டடம் அதன் முன்னால் சின்னதாக, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட வெயில் மறைப்புகளோடு.

கமிட்டி அறை வாசலில் ஒரு அட்டை தருகிறார்கள். பெயர், ஊர், எந்த விஷயம், ஆதரவா எதிர்ப்பா. ஆதரவு என்ற கட்டத்தில் டிக் போட்டேன். என்ன பேசுவது என்று காரில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன்: பத்துப் பேர், ஆயிரம் டாலர், மணிக்குத் தொண்ணூறு. எங்கள் விஷயம் பட்டியலின் கடைசியில் வந்தது. நேரம் முடிகிறது, ஆதரவாளர்கள் பேசாமல் விட்டுக்கொடுக்க முடியுமா என்று தலைவர் கேட்டார். பெயரைப் படித்ததும் கையை உயர்த்தினால் போதும், ஆதரவு என்று பதிவாகிவிடும். என் பெயரைப் படிக்கத் தடுமாறினார். கையை உயர்த்தினேன். முடிந்தது.

எதிர்ப்பில் ஒரே ஒரு பெண் பேசினாள். என் வயதுதான் இருக்கும். மகன் கல்லூரிப் பணத்தைச் சூதில் விட்டுவிட்டான் என்றாள். குரல் உயரவே இல்லை. வரம்பை எடுத்தால் அவன் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் விடுவான், இப்போதாவது மெதுவாக விடுகிறான், மெதுவாக விட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றாள்.

அப்புறம் எங்கள் செனட்டரின் அறையில் அவருடைய உதவியாளரைப் பார்த்தோம். சின்னப் பையன், நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டான், குறிப்பும் எடுத்தான். இருபது பிளைண்ட் விஷயம் அவனுக்குப் புரிந்தது, அவனும் ஆடுகிறவன் போல. எனக்கு வாய் நன்றாகவே ஓடியது. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் சொன்னதுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 25

அதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. மெதுவாக விடுவதை யாரும் கண்டுபிடிப்பதில்லை. பெரியவருடைய பிள்ளைகள் யாராவது கண்டுபிடித்தார்களா? நூறு நூறாகப் போனால் அது செலவு மாதிரி இருக்கிறது. பெரிதாகப் போனால்தான் வீட்டில் கேள்வி வரும்.

இதை அவளிடம் முகத்துக்கு நேராகச் சொல்வேனா?

மார்ச் 31

ஏழு மேசை. டிப்ஸ் பரவாயில்லை.

ஏப்ரல் 4, ஞாயிறு

ஈஸ்டர். மதியப் பந்தயம் ஓடும்போது சாப்பாட்டு இடைவேளையில் பார்வையாளர் வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். அத்தனை பெரிய இடத்தில் பத்துப் பதினைந்து பேர். முன்பு ஓட்டியதில் குறைந்தது தொண்ணூறு சதவீதப் பந்தயங்களை ஓட்டினால்தான் சீட்டு மேசை போட உரிமம். ஆகவே நாய்கள் ஓடுகின்றன. எங்கள் மேசையில் அறை எடுக்கும் ரேக்கில் குறைந்தது நான்கு சதவீதம் அந்த நாய்களின் பரிசுத் தொகைக்குப் போகிறது. கூண்டுக் கதவு திறக்கும் முன்னால் உள்ளேயிருந்து வரும் முனகல் மேலே வரைக்கும் கேட்கிறது.

ஏப்ரல் 7, புதன்

கையெழுத்தாகிவிட்டது! கிறிஸ்டும் செமினோல் தரப்பும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஐந்து வருடத்தில் மாநிலத்துக்கு நூறு கோடி டாலர், முதல் இரண்டு வருடம் வருடத்துக்குப் பதினைந்து கோடி. பட்ஜெட்டில் துண்டு விழுந்திருக்கிற நேரத்தில் இதை யார் வேண்டாம் என்பார்கள்? இனி சட்டமன்றம் ஏற்றால் போதும்.

பிரேக் ரூமில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இவரிடம் போனில் சொன்னேன். "சரி, ஜெயிச்சிட்டீங்க" என்றார். இன்னும் இல்லை என்றேன்.

ஏப்ரல் 8, வியாழன்

ராத்திரி மகிழ்ச்சி காலையில் இல்லை. கூட்டாட்சிச் சட்டப்படி பழங்குடியினரின் போக்கரும் மாநிலத்தின் பந்தய வரம்புக்கும் நேரத்துக்கும் கட்டுப்பட்டதுதான். வரம்பு எங்களுக்குப் போனால் அவர்களுக்கும் போகும். அவர்களுடைய டாம்பா ஹார்ட் ராக் காசினோவில் ஹோட்டல் இருக்கிறது, ஸ்லாட் மெஷின் இருக்கிறது, பிளாக்ஜாக்கும் இருக்கிறது. எங்களுக்கு நாய்கள்தான் இருக்கின்றன. பெரிய பணக்காரர்கள் அங்கே போய்விட்டால்?

போகட்டும். சமமான விதியில் தோற்பது வேறு.

ஏப்ரல் 15, வியாழன்

ஆசிரியர் சம்பள மசோதாவைக் கிறிஸ்ட் வீட்டோ செய்துவிட்டார். அவர் கட்சிக்காரர்களே கொண்டு வந்தது. எங்களுடையதையும் செய்வாரா? அவரே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், செய்யமாட்டார். இருந்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

ஏப்ரல் 17

பெரியவர் வரவில்லை.

ஏப்ரல் 18

வரவில்லை.

ஏப்ரல் 20

வந்தார். பல் பிடுங்கினாராம். நான் ஏதோ கேட்டுவிட்டேன் போல, "என்னைத் தேடினாயா, டியர்?" என்று சிரித்தார்.

ஏப்ரல் 23, வெள்ளி

இரண்டு அவைகளிலும் முடிந்தது. கவர்னர் கையெழுத்துதான் பாக்கி. அந்த உதவியாளர் பையன் நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான், என் கணக்கைச் செனட்டரிடம் காட்டினானாம். அந்த மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்து மூழ்கியதைத்தான் டிவி முழுக்கக் காட்டுகிறார்கள். பதினோரு பேரைக் காணவில்லை.

ஏப்ரல் 28, புதன்

கையெழுத்து. ஜூலை 1 முதல் போக்கருக்கு மாநிலத்தின் பந்தய வரம்பு கிடையாது. சீட்டு அறை பன்னிரண்டு மணிநேரத்துக்குப் பதில் வார நாளில் பதினெட்டு மணிநேரம் திறந்திருக்கலாம், சனி ஞாயிறு முழு நாளும். அழுதேன்.

ஏப்ரல் 29

கிறிஸ்ட் கட்சியை விட்டே போய்விட்டார். செனட்டுக்குச் சுயேச்சையாக நிற்கிறாராம்.

மே 14, வெள்ளி

இனி வரம்பு வைப்பது அறை நடத்துகிறவர்கள் கையில். குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, எல்லாம் அவர்கள் சொல்வதுதான். இதை நான் கடிதங்களில் ஒரு நல்ல விஷயமாகவே எழுதியிருந்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நூறு டாலர் மேசைகள் என்னாகும்? மேலாளரிடம் கேட்டேன். "கூட்டம் எங்கே போகிறதோ அங்கே மேசை" என்றார்.

பெரியவர் மாதிரி ஆட்கள் இருநூறு, முந்நூறோடு உட்கார வேண்டிவந்தால் உட்காருவார்கள். நான்கு தடவை எடுக்கிறவர் நான்கு தடவைதான் எடுப்பார், தொகை மட்டும் மாறும். இல்லை, மிச்சம் இருப்பதால் நிதானமாக ஆடுவாரோ? முன்பு ஆடத் தெரிந்தவர்தான், கார்டு பிடிக்கிற விதத்திலேயே தெரிகிறது. இருபது பிளைண்டில் அவருடைய பொறுமைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஐந்நூறு டாலரோடு பொறுமையாக உட்கார்ந்தால் அவர் சின்னப் பையன்களை உரித்துவிடுவார் என்று ஒரு மனசு சொல்கிறது. டல்லஹாசிப் பெண்ணின் குரல் இன்னொன்று சொல்கிறது. இரண்டில் எது நடந்தாலும் கார்டு போடுவது நான்தான்.

மே 22

கட்டாயம் சின்ன மேசை இருக்க வேண்டும். மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன். செனட்டருக்கு எழுதியவளுக்கு இது பெரிதா?

ஜூன் 8, செவ்வாய்

கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். அதே கணக்கு, கூடவே ஒரு கோரிக்கை: எந்த நேரமும் நூறு டாலருக்கு மேல் வாங்க முடியாத இரண்டு மேசை, அதில் ரேக்கின் உச்சவரம்பு ஐந்துக்குப் பதில் மூன்று. படித்துப் பார்த்து, "ரேக்கைத் தொடாதே" என்றார். மேசையைப் பற்றி யோசிப்பாராம்.

ஜூன் 19

புது டீலர்கள் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் என்னைவிட வேகம். இவருக்கு இரண்டு வாரக் கூரை வேலை கிடைத்திருக்கிறது.

ஜூன் 27, ஞாயிறு

கறுப்பு சிப்ஸ் வந்திறங்கின. ஒன்று நூறு டாலர். இதுவரை மேசைக்கு ஒருவர் கொண்டுவரக்கூடிய மொத்தப் பணம், இப்போது ஒரே வட்டமாக என் விரலிடுக்கில். இருபது இருபதாக வெட்டி அடுக்கிப் பழகினோம்.

ஜூன் 30, புதன்

நாளைய மேசைப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். 5-10 இரண்டு, 2-5 ஆறு, மிச்சம் 1-2. அந்த 1-2 எல்லாவற்றிலும் அதிகபட்சம் இருநூறு. நூறு டாலர் மேசை ஒன்றே ஒன்று, அதுவும் மதியம் மூன்று மணி வரைக்கும். ஒன்றாவது வைத்தார். பெரியவர் ராத்திரிதான் வருவார். ஷிஃப்ட் தொடங்கும் முன் மேலாளரைப் பிடித்து நேரத்தை நீட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.