மூன்று, இரண்டு, ஐந்து

வந்த நாட்டின் மொழி வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது எண்கள். ஒன்று முதல் நூறு வரை தடுமாறாமல் சொல்ல வந்திருந்த சமயத்தில், வழக்கமான பல் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. வலி ஏதும் இல்லாமல் பல் மருத்துவரிடம் போனது எனக்கு அதுவே முதல் தடவை.

நாற்காலி சாய்ந்தது. நெஞ்சுக்கு நேரே ஒரு தட்டு, அதில் வரிசையாக வளைந்ததும் கூரானதுமாய் எஃகுக் கருவிகள். மருத்துவர் ஒன்றை எடுத்து ஈறோரமாக நகர்த்தியபடியே எண்களைச் சொல்ல, உதவியாளர் கணினியில் பதிந்துகொண்டிருந்தார். "மூன்று, இரண்டு, மூன்று. முப்பத்தேழு: மூன்று, இரண்டு, ஐந்து."

அந்த அறையில் எனக்குப் புரிந்த சொற்கள் அவை மட்டும்தான். ஆனால் எதைச் சொல்கிறார்கள்? ஐந்து பல் சொத்தையா? மனிதனுக்கு மொத்தமே முப்பத்திரண்டு பல்தானே, முப்பத்தேழு எங்கிருந்து வந்தது? வாயைத் திறந்தபடி கேட்கவும் வழியில்லை. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

பல் சுத்தம் செய்ய அடுத்த தடவை போனபோது, வகுப்பு ஆசிரியரிடம் காட்டித் திருத்திய ஒரு வரியைத் தாளில் எழுதி எடுத்துப் போனேன்: "இது எதற்கு என்று சொல்லிவிட்டுத் தொடங்க முடியுமா?" சுத்தம் செய்கிற பெண் அதைப் படித்தார். கையுறையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கருவியாக எடுத்து என் கண் முன்னால் பிடித்தார்.

எண்களைத் தந்த கருவியைத்தான் நான் முதலில் கேட்டேன். ஊசி என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் பார்த்தால் நுனி மழுங்கல். அடிஸ்கேலில் இருப்பதுபோல மில்லிமீட்டர் கோடுகள், நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் இறக்கி ஆழம் பார்க்கும் கம்பி அது. ஒரு பல்லுக்கு வெளிப்பக்கம் 3 இடம், உட்பக்கம் 3 இடம். 1 முதல் 3 மி.மீ. வரை இருந்து, தொட்டால் ரத்தமும் வராவிட்டால் ஈறு நலம். 4, 5 என்று போனால் ஈறு வீங்கியிருக்கிறது, அல்லது பல்லை விட்டு விலகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள்.

முப்பத்தேழு என்பது எண்ணிக்கை இல்லை, முகவரி. வாயை நான்கு பகுதியாகப் பிரிக்கிறார்கள். முதல் இலக்கம் பகுதி, இரண்டாவது இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. 37 என்றால் கீழே இடப்பக்கம் ஏழாவது பல். பல நாடுகளில் இதுதான் வழக்கம். அமெரிக்காவில் 1 முதல் 32 வரை நேராக எண்ணுகிறார்கள். பழைய பல் குறிப்புகளோடு நாடு மாறுகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

மற்றவை சீக்கிரம் புரிந்தன. சின்னக் கண்ணாடி பார்ப்பதற்கு மட்டும் அல்ல. கன்னத்தையும் நாக்கையும் ஒதுக்கிப் பிடிக்கும், இருட்டான மூலைக்கு வெளிச்சத்தைத் திருப்பும். காற்றும் தண்ணீரும் அடிக்கும் குழாய் பல்லை உலர்த்துகிறது. ஆரம்பநிலைச் சொத்தையின் வெண்புள்ளி, ஈரம் போனால்தான் நன்றாகத் தெரியும்.

நான் அதிகம் பயந்தது கீச்சிடும் ஸ்கேலருக்கு. அது பல்லைத் துளைப்பதில்லை, சுழல்வதுகூட இல்லை. நுனி நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து காரையை உதிர்க்கிறது. சூடாகாமல் இருக்கத்தான் கூடவே தண்ணீர். பல்லில் படியும் அழுக்கு எச்சிலில் உள்ள தாதுக்களோடு சேர்ந்து கெட்டியாவதுதான் காரை. அதற்குப் பிறகு பிரஷுக்கு அசையாது. எச்சில் சுரப்பிக் குழாய்கள் நாக்கின் அடியில் திறப்பதால், கீழ் முன்பற்களின் பின்புறம் அது அதிகம் சேர்கிறது.

சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று நம்மவர்கள் பலர் சொல்வார்கள். காரை அடைத்திருந்த இடம் வெறுமையாவதைத்தான் அப்படி உணர்கிறோம். ஈறைக் கெடுப்பது காரைதான், அதை எடுப்பது அல்ல. இதை நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தொடங்குமுன் அந்தப் பெண் என் இடக்கையைத் தூக்கிக் காட்டினார். கை உயர்ந்தால் நிறுத்திவிடுவார் என்று அர்த்தம். நடுவில் ஒருமுறை உயர்த்தினேன். உடனே நிறுத்தினார். போகும்போது பல்லிடுக்கில் விட்டுத் துலக்கும் குட்டி பிரஷ் ஒன்றைக் கொடுத்து, கண்ணாடியில் 37ஐக் காட்டி, அதை எப்படி நுழைப்பது என்று என் கையாலேயே செய்ய வைத்தார். தினமும் இரவில் செய்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி அதே நாற்காலி. இந்தத் தடவை நானும் கூடவே எண்ணிக்கொண்டு வந்தேன். முப்பத்தாறு தாண்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"முப்பத்தேழு: மூன்று, இரண்டு, மூன்று."