பாயின்ட் கூடை

நவம்பர் 27, 2024

மூச்சுக்காகத் தொண்டையில் செருகியிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். அப்பாவுக்குக் குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். "இன்னிக்கு என்ன பாயின்ட் போவுது?"

"27ன்னு மேஸ்திரி சொன்னார்ப்பா." எங்கள் ஜவ்வரிசி ஆலையில் கிழங்கின் மாவுச்சத்துக்குப் போடுகிற கணக்கு அது.

கண்ணை மூடிக்கொண்டார்.

நவம்பர் 28

பெரியப்பா ஐசியூ வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "சீசன்ல ஆலையை மூடிப் போட்டா கிழங்குக்காரன் வேற பக்கம் போயிருவான் கண்ணு. ஒருத்தர் உட்காரணும்." அந்த ஒருத்தர் நான்தான். அத்தை தன் பங்குக்கு, "இல்லாட்டி நல்ல பையனாப் பார்த்துக் கட்டிவச்சு அவன் கையில குடுத்துரலாம்" என்றாள். உள்ளே மனுஷன் நெஞ்சைப் பிளந்து தைத்துப் படுத்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதில் பேசாமல் எழுந்து போய்விட்டேன்.

சென்னையில் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்குச் சம்பளமில்லா விடுப்பு எழுதி அனுப்பினேன். பன்னிரண்டாம் வகுப்புக்குத் தொகை நுண்கணிதம் பாதியில் நிற்கிறது.

நவம்பர் 29

காலையில் ஆலைக்கு, பெத்தநாயக்கன்பாளையம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்தப் புளித்த வாடை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என் சீருடையில் இது இருக்கிறது என்று ஒரு பெண் தள்ளி உட்கார்ந்தாள். இன்று மூச்சை நன்றாக இழுத்தேன். வாடை குறைந்துதான் இருக்கிறது. கழிவுநீரை மூடிக் காஸ் எடுக்கிற தொட்டியை அப்பா கடன் வாங்கிக் கட்டியதால் குறைந்தது. வறுக்கிற அடுப்புக்கு அந்தக் காஸ்தான் எரிகிறது. அந்த வேலைக்காக அவரைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மேஸ்திரி அண்ணன் அப்பாவின் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நவம்பர் 30

புயல் இன்று ராத்திரி கரையேறுமாம். களம் நிறைய ஜவ்வரிசி காய்கிறது.

டிசம்பர் 1

மழை. விடிந்ததில் இருந்து மழை.

டிசம்பர் 2

ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். திருமணிமுத்தாறு பெருக்கெடுத்து ஓடுகிறது. அம்மா ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள், நான் ஆலையில்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பிடுங்கின கிழங்கு ரெண்டு மூணு நாளுக்கு மேல் தாங்காது, உள்ளே நீலம் ஓடிவிடும். அரைத்துப் பால் எடுத்துத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படியும். அதையும் காலத்தோடு எடுக்காவிட்டால் புளிக்கும். எடுத்துக் குலுக்கி, மணியாக்கி, வறுத்தால் அப்புறம் வெயில் வேண்டும். வெயில் இல்லாவிட்டால் பின்னால் உள்ளது அத்தனையும் நிற்கும். தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். மணிகள் வெதுவெதுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. வேலைக்கார அக்காமார்கள் ராத்திரி முழுக்க ஷெட்டுக்குள் பரப்பிக் கிளறினார்கள், நானும் கூடக் கிளறினேன். இன்னும் கை மணக்கிறது.

வேலைக்குப் பயந்து நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. விடிய விடிய நிற்கச் சொல்லுங்கள், நிற்கிறேன்.

டிசம்பர் 4

வெயில் வந்தது. லோடும் வந்தது.

கருமந்துறையில் இருந்து ஒரு தாத்தா, மகளோடு. மலைக்கிழங்கு. மேஸ்திரி அண்ணன் கூடையை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தார், அப்பா இருந்தால் அவர்தான் பார்ப்பார் என்பதால். கூடையில் கிழங்கைப் போட்டு எடை போட வேண்டும். அதே கூடையைத் தண்ணீருக்குள் முக்கி மறுபடி எடை. மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் எடை நிற்கும், நீர்க்கிழங்கு இளைத்துவிடும். அந்தக் கணக்குதான் பாயின்ட், பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று விலை. மழை பெய்தால் பாயின்ட் இறங்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஒன்பதாம் வகுப்பு இயற்பியல்.

ஆனால் லாரியில் இருந்து எந்தக் கிழங்கை எடுத்துக் கூடையில் போடுகிறோம் என்பதற்கு இயற்பியல் கிடையாது. அது கை. எங்கள் ஆள் மேலாக நாலு நனைந்த கிழங்கை அள்ளினார். 24 வந்தது. தாத்தா சண்டை போடவில்லை. என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "பார்த்துப் போடுங்க சாமி, மழைக்கு முன்னாடி புடுங்கினது, ரோட்டுலதான் நனைஞ்சுது" என்றார். பத்து மாசப் பயிர். என் அப்பாவைவிட மூத்த மனிதர். என்னைச் சாமி என்கிறார்.

கிழங்கைக் கொட்டச் சொன்னேன். பாதி நாங்கள் எடுப்போம், பாதி நீங்கள் எடுங்கள் என்று சொல்லி மறுபடி பார்த்தோம். 26. சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

பெரியப்பா சாயங்காலம் போனில் பிடித்துக்கொண்டார். "அவன் கை அள்ள ஆரம்பிச்சா ஆலை தாங்குமா?" தாங்காமல் போகட்டும் என்று சொல்ல வாய் வந்தது. ஆலையில் இத்தனை குடும்பம் சோறு தின்கிறது, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஒரு நாள் நியாயமாகப் போட்டுவிடலாம். ஆயுசு முழுக்க அந்தக் கூடைப் பக்கத்தில் நின்று, கும்பிடுகிற ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று நான் முடிவு பண்ண வேண்டும் என்றால் என்னால் ஆகாது.

டிசம்பர் 5

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அஸ்தம்பட்டி வீட்டில் கீழ் அறை. மூன்று மாதம் வெயிட் தூக்கக் கூடாது, கார் ஓட்டக் கூடாது, ஆலைப் பக்கம் போகவே கூடாது.

டிசம்பர் 7

அப்பா இன்று பேச்சு நிறுத்தவில்லை. யுத்தத்தில் மலாயாச் சரக்கு வரத்து நின்றது, 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் குச்சிக்கிழங்கு மாவில் ஜவ்வரிசி பண்ண ஆரம்பித்தது, அதைப் பார்த்துத் தாத்தா கைக்குலுக்கியோடு இறங்கியது. நூறு தடவை கேட்ட கதை. பிறகு மாவுப்பூச்சி. 2020இல் தோட்டம் தோட்டமாக நுனி சுருண்டு வெளுத்துப் போனது எனக்கும் நினைவிருக்கிறது. மருந்தடித்து ஓயவில்லை. ஆப்பிரிக்காவில் இருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து 2022இல் நம்ம ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். "கண்ணுக்குத் தெரியாத குளவிம்மா. அது வந்து காப்பாத்துச்சு" என்று சொல்லும்போது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு எதற்கெடுத்தாலும் நிறைகிறது.

பூச்சி வந்த வருஷம் கிழங்குக்காரர்களுக்குக் கொடுத்த அட்வான்ஸை அவர் திருப்பிக் கேட்கவில்லை. அதை அவர் சொல்லவில்லை, கணக்குப்பிள்ளை சொன்னார்.

டிசம்பர் 8

தூங்கவில்லை.

டிசம்பர் 9

சேகோசர்வுக்குப் போய் வந்தேன், ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம். சாம்பிளைப் பரிசோதித்துத் தரம் போடுகிறார்கள், வியாபாரிகள் ரகசிய டெண்டரில் விலை எழுதுகிறார்கள். மழையில் மாட்டின மூட்டைகளுக்கு வெண்மை போதவில்லை, விலை அடிபட்டது. அங்கே நானும் யாரையாவது பார்த்து, பார்த்துப் போடுங்க என்று சொல்லியிருப்பேன், யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. தரகர் பிடியில் இருந்து ஆலைக்காரர்களை விடுவிக்க 1981இல் தொடங்கின சங்கம். தாத்தா காலத்துக் கஷ்டம் இப்போது இல்லை என்று அப்பா சொல்வார். ஆலைக்காரருக்கு இல்லை, சரி. கருமந்துறைத் தாத்தாவுக்கு அப்படி ஒரு சங்கம் எங்கே?

டிசம்பர் 10

சொல்லிவிட்டேன்.

மாத்திரை கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் ஆலைக்கு வரலைப்பா. இந்த சீசனுக்கு மட்டும் சொல்லலை. எப்பவுமே" என்றேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரி, சிவராத்திரிச் சரக்கு போகட்டும்" என்றார்.

சிவராத்திரி பிப்ரவரியில். வடக்கே விரதத்துக்கு ஜவ்வரிசிக் கிச்சடி, ஆகவே ஜனவரியிலேயே லாரி கிளம்ப வேண்டும். நான் ஆயுசைப் பற்றிச் சொல்கிறேன், அவர் அதைத் தேதியாக்கிக் கொடுக்கிறார். அழுகை வந்தது. அம்மாவிடம் கத்திவிட்டேன். அவள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே, "அவருக்குக் கேட்டுச்சு, விடு" என்றாள்.

டிசம்பர் 11

பிரின்சிபால் போன். அரையாண்டுத் தேர்வு. பிள்ளைகள் கேட்கிறார்களாம்.

டிசம்பர் 13

தீபம். ஆலை வாசலில் அக்காமார்கள் வரிசையாக அகல் வைத்தார்கள். கம்பெனி போனஸ் பேச்சு வந்தது, நான் ஒப்புக்கொண்டேன். பெரியப்பாவிடம் கேட்கவில்லை.

கருமந்துறைத் தாத்தாவின் மகள் வந்திருந்தாள், தனியாக. அடுத்த வாரம் இன்னொரு லோடு பிடுங்குகிறார்களாம். "நீங்க இருப்பீங்களாக்கா?" என்றாள். மேஸ்திரி இருப்பார் என்றேன். "அவரு இருப்பாரு. நீங்க?" என்னைவிடச் சின்னப் பெண், மலையில் இருந்து ரெண்டு பஸ் மாறி இதைக் கேட்க வந்திருக்கிறாள்.

பாதி அவர்கள் கை, பாதி நம் கை. இதை ஆலையின் வழக்கமாக எழுதி வாசலில் ஒட்டிவிட்டால் நான் நிற்கத் தேவையில்லை அல்லவா? மேஸ்திரி அண்ணன் செய்வார். அப்பா ஒத்துக்கொள்வாரா? பெரியப்பா கிழித்துவிடுவார். லாபம் எவ்வளவு குறையும் என்று கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

டிசம்பர் 14

பார்த்தோம். குறையும். மூடுகிற அளவுக்கு இல்லை.

அந்த வழக்கத்தை எழுதின தாளை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 15

திங்கட்கிழமை சென்னையில் இருந்தாக வேண்டும், ராத்திரி ரயில். மேஸ்திரி அண்ணன் போன் பண்ணினார், தம்மம்பட்டியில் இருந்து மூன்று லோடு வருகிறதாம், தாளை ஒட்டட்டுமா என்று கேட்கிறார். அப்பா தூங்குகிறார். எழுந்ததும் கேட்டு