பாட்டிக்கு இடம் உண்டு, தம்பிக்கு?

நான் சுற்றுலா வழிகாட்டி. செக் தலைநகர் பிராகில், புனித வென்செஸ்லாஸ் குதிரைமேல் இருக்கும் சிலைக்குக் கீழே, என் குரூப்பில் வந்த ஒரு பெரியவருக்கு நான் சொன்ன பதில் சரிதான் என்று இன்றும் வாதாடுவேன். மனசுதான் ஒப்பவில்லை.

எப்போதும் சொல்கிற கதைதான். இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியான போஹிமியாவை ஆண்ட வென்செஸ்லாஸைத் தம்பி போலெஸ்லாவின் ஆட்கள் தேவாலய வாசலில் வெட்டிச் சாய்த்தார்கள். அவர் இறந்த செப்டம்பர் 28 இன்று செக் நாட்டில் அரசு விடுமுறை. பீடத்தைச் சுற்றி நிற்கும் நான்கு புனிதர்களில், முன்பக்கம் நிற்பவர் அவருடைய பாட்டி லுட்மிலா. அவரையும் சொந்த மருமகள்தான் ஆள் வைத்துக் கழுத்தை நெரித்துக் கொன்றாள். அப்புறம், போகிறபோக்கில், ராஜ்ஜியத்தைக் கிராக்கோவ் வரை விரித்ததும் முதல் வெள்ளிக்காசு அடித்ததும் அந்தத் தம்பி காலத்தில்தான் என்றேன்.

"ஏம்மா, அந்தத் தம்பிக்கு எங்க சிலை?"

"அண்ணனைக் கொன்னவருக்கு யாருங்கய்யா சிலை வைப்பாங்க?"

குரூப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. லுட்மிலாவையே பார்த்துக்கொண்டு, "ஒரே வீட்டுப் பிள்ளைங்க. பாட்டிக்கு இடம் இருக்கே" என்றார். அதற்குள் கோச் வந்துவிட்டது.

அவருக்கும் அவர் தம்பிக்கும் ஏதாவது இருந்ததா, எனக்குத் தெரியாது. கேட்பது என் வேலையும் இல்லை. கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று பிரித்துச் சொன்னால்தான் கதை நிற்கும். அதோடு, 1968-ல் சோவியத் டாங்கிகள் வந்தபோதும் 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்தபோதும் ஜனங்கள் கூடியது இந்தக் குதிரையடியில்தான். கஷ்டகாலத்தில் காசு அடித்தவனைத் தேடியா போவார்கள்?

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அண்ணனின் உடலைப் பிராகுக்குக் கொண்டுவந்து புனித வீடஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்ய வைத்ததே அந்தத் தம்பிதான் என்கின்றன பழைய புனிதர் கதைகள். அப்படியானால் இந்த வழிபாட்டுக்கு வழி திறந்தவர்களில் அவனும் ஒருவன். சிற்பி மிஸ்ல்பெக் 1887-ல் இந்த வேலையில் இறங்கினார். பீடத்தின் நான்காவது புனிதர் வந்து சேர்ந்தது 1924-ல். அத்தனை வருஷத்தில் தம்பியை யாராவது நினைத்திருப்பார்களா? புனிதர்களுக்கு நடுவே கொலைகாரனை நிறுத்த முடியாது, அது நியாயம்தான். அந்த நியாயத்தைப் பெரியவரிடம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் சிரிக்கிற மாதிரிச் சொன்னேன்.

இப்போதெல்லாம் உடல் கொண்டுவந்த கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். "அப்போ தம்பி திருந்திட்டாரா?" என்று யாராவது கேட்பார்கள். திருந்திவிட்டார் என்றும் சொல்லியிருக்கிறேன், எல்லாம் அரசியல் என்றும் சொல்லியிருக்கிறேன், கேட்கிறவர் முகத்தைப் பார்த்து.